பிளந்த சைலன்சர்

கரும்பு விவசாயி தெய்வசிகாமணி, பிளந்துபோன சைலன்சரை நவுஷாத்தின் லேத் பட்டறையில் வைத்தார். பன்றி சுடும் நாட்டுத் துப்பாக்கிக்காக நவுஷாத் திருட்டுத்தனமாகச் செய்து கொடுத்தது.

“மொத வெடிக்கே பூடுச்சு தம்பி. ஊரே கேக்குற மாரி சத்தம்!”

“மெதுவா பேசுங்க. அத்தா கால் நோவுன்னு உள்ள படுத்திருக்காரு. கம்மி வெலைக்குக் கேட்டீங்க, மட்டமான தகடு போட்டேன். இருங்க, கெட்டியா ஒண்ணு செஞ்சு தரேன். சத்தமே வராது.”

“வேணாம்பா. இது பிளக்கலன்னா நான் கொலகாரன்.”

“இன்னா சொல்றீங்க?”

“ரிசர்வேஷன் மறியல்ல பஸ் ஓடல இல்ல? விடியக்காலையில ஒரு பெரியவரு தியாகதுருகத்துலருந்து நடந்தே, கரும்புக்குள்ள குறுக்கால வந்துக்கினு இருந்திருக்காரு. பன்னின்னு சுட்டுட்டேன். குறி தப்பிடுச்சு. வெடிச்ச சத்தத்துல அவரு அலறினாரு. அலறலன்னா மறுபடியும் சுட்டிருப்பேன்.”

“யாருங்க அது?”

தெய்வசிகாமணி பிளந்த சைலன்சரைத் தொட்டுக் காட்டினார்.

“இந்தக் கொழாய கையில வாங்கிப் பாத்தாரு. ‘இது எம்மவன் வேல. வெளிய சொல்லாதீங்க, அவனுக்கு அசிங்கம்’னு சொல்லிட்டு நொண்டிக்கினே போனாரு.”

உள்ளே அத்தா முனகினார். அது காதில் விழாமலிருக்க, நவுஷாத் லேத்தை வெறுமனே ஓடவிட்டான்.