கை கொடுக்காதவள்

கடையிலிருந்து திரும்பிய பெரியவர், கூடத்தில் வழுக்கி விழுந்தார்.

"ஐயோ! வந்து கை குடுடி!"

"குடுக்க மாட்டேன்," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்தே. "விழுந்தா எப்படி எழுந்திரிக்கணும்னு முதியோர் வகுப்புல சொல்லிக் குடுத்தாங்கல்ல? ஒருக்களிச்சுப் படுங்க."

"உயிர் போகுது! உனக்கு ஈவு இரக்கமே இல்லையா?"

"முட்டி போடுங்க. நாற்காலியப் பிடிங்க. அவசரமே வேண்டாம்."

அழுதுகொண்டே முட்டி போட்டார். இரண்டு முறை சரிந்து, மூன்றாம் முறை நிமிர்ந்துவிட்டார். இவளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று, சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போனார்.

மனைவி தரையில் கிடந்தாள். ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது.

"எப்படி விழுந்த?"

"நீங்க கடைக்குப் போனதுமே சறுக்கிட்டேன். சொல்லியிருந்தா பதறியடிச்சு எழுந்து மறுபடியும் விழுந்திருப்பீங்க. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க... மெதுவாப் போங்க."