மெஷின் பேசுகிறது

"வணக்கம். மாநகர உதவி மெஷின் பேசுகிறேன்" என்றாள் அவள்.

இனி மக்களின் கேள்விகளுக்கெல்லாம் மெஷினே பதில் சொல்லும் என்று அரசு தடபுடலாக அறிவித்துவிட்டது. மெஷின்தான் இன்னும் தயாராகவில்லை. அதுவரை இவளைப் போன்றவர்கள் பேசுவார்கள். மறுமுனையில் அது மெஷின் குரலாக மாறிக் கேட்கும். வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும்.

"இன்னைக்குத் தண்ணி எப்பம்மா வரும்?"

குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆறு மணிக்கு."

"சரி. நீ சாப்பிட்டியா?"

"நான் மெஷின், ஐயா."

"தெரியும்மா, சும்மா கேட்டேன். பொண்ணுகிட்ட கேட்டா, வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்கன்னு எரிஞ்சு விழறா. உனக்குத்தான் கோபமே வராதே."

"வேறு உதவி வேண்டுமா?"

"ஒண்ணுமில்லம்மா. வச்சிடறேன்."

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். கைப்பேசியில் 'அப்பா' என்றிருந்த எண்ணை அழுத்தினாள். அவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது. மறுபடி அழுத்தினாள். அதே பதில்.

சோர்ந்துபோய் இருக்கைக்குத் திரும்பினாள். பக்கத்து இருக்கைக்காரி மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"உங்கள் மகளுக்கு என்ன வேலை, ஐயா?"