கடைவாய்ப்பல்லில் ஒரு தகராறு

கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் சங்குனி என்ற நுண்ணுயிரி தன் கூட்டத்தோடு குடியிருந்தாள். ஒருநாள் மியூட்டன் என்ற முரட்டுக் கிருமி அங்கே வந்து சேர்ந்தான். மிட்டாய்ப் பாகை வயிறுமுட்டத் தின்று அமிலமாகக் கக்கினான். பல் கரையத் தொடங்கியது.

"பள்ளம் ஆழமானால் நமக்குத்தானே வசதி? பேசாமல் என்னோடு சேர்ந்துகொள்" என்றான். கூட்டத்தில் பாதிப்பேர் அவன் பக்கம் போய்விட்டார்கள்.

"நீ கரைப்பது நாம் நிற்கிற தரையை. நான் வரமாட்டேன்" என்ற சங்குனி, தன் உடம்பில் சுரந்த, கிருமிகளை எரிக்கும் பெராக்சைடை அவன்மேல் பீய்ச்சினாள்.

மியூட்டன் சுருண்டு பின்வாங்கினான். "மறுபடி இனிப்பு வரும். நானும் வருவேன்!" என்று கத்தினான்.

பீய்ச்சியதில் சங்குனிக்கும் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் இடத்தைவிட்டு அசையவில்லை.

"வாடா. நான் இங்கேதான் இருப்பேன்" என்றாள்.