வாசல்காரர் வீட்டு இலை

“ஆடி அமாவாசை அன்னைக்கு யாராவது கல்யாணம் பேசக் கிளம்புவாங்களா?” என்றாள் தங்கம்.

“பேசவா போறோம்? வேணாம்னு சொல்லப் போறோம். அதுக்கு இதைவிடத் தோதான நாள் ஏது?” என்றார் மருதப்பன்.

செங்கோம்பைப் பாளையத்து ராஜ வம்சத்தின் இன்றைய வாரிசு அவர். வெள்ளைக்காரன் காலத்தில் கோட்டை போய், நிலம் போய், கடைசியில் கப்பலேறி சிங்கப்பூர் வந்து சேர்ந்த குடும்பம். இப்போது பிடோக்கில் மூவறை வீடு, பஸ் ஓட்டுகிற வேலை. எல்லாம் போனாலும் வீம்பு மட்டும் போகவில்லை. கோட்டை விழுந்த ஆடி அமாவாசை வந்தால் வீட்டில் உப்பில்லாக் கஞ்சிதான். அதைக் குடித்துவிட்டு, எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட வாசல்காரன் வம்சத்தை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தால்தான் மனுஷருக்கு மனசு ஆறும்.

மகள் மோகனப்பிரியா ஆசைப்பட்டிருந்த ரித்திக், அதே வாசல்காரன் வம்சம்! போனில் பூர்வீகம் விசாரித்தபோது பையனின் அம்மா பூவம்மாவே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

“இருநூறு வருஷத்துக் கதைக்கு நான் என்னப்பா பண்ணுவேன்? வேணாம்னா நீங்களே போய் அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க லா!” என்று ரூம் கதவைச் சாத்தியவள்தான் மகள். அப்புறம் அப்பாவிடம் பேச்சே இல்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

ரித்திக் வீடு இருக்கும் பொங்கோல் வரைக்கும் எம்ஆர்டி ரயிலில் இடம் இருந்தும் மருதப்பன் உட்காரவில்லை. கம்பியைப் பிடிப்பார், விடுவார், கதவுப் பக்கம் போவார், திரும்பி வருவார்.

“கொஞ்சம் உட்காருங்களேன். பார்க்கிற எனக்குத் தலை சுத்துது.”

“அது என்ன பையில?”

“தேக்கா மார்க்கெட்டுல வாங்கின பூவும் பழமும். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடவா போறது?”

“அங்க வெளியே எடுத்தியோ, அப்புறம் தெரியும் சேதி!”

பூவம்மா வாய் நிறைய வரவேற்றாள். “வாங்கண்ணே, வாங்க அண்ணி. ரித்திக் வேலைக்குப் போயிருக்கான். முதல்ல தண்ணி குடிங்க.”

“இந்த வீட்டுல கை நனைக்கிற உத்தேசம் இல்லம்மா. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடுறேன்.”

சொல்ல வாயெடுத்தவர் கண்ணில் அது பட்டது. சாமி படத்துக்குக் கீழே ஒரு சின்ன வாழையிலை. அதில் ஒரு கை பால்சோறு. பக்கத்தில் ஒரு கிலுகிலுப்பை.

“அமாவாசைப் படையலா?” என்று தங்கம் மெல்லக் கேட்டாள்.

“ஆமா அண்ணி. எங்க வீட்டுப் பிள்ளைக்கு. அது தவறி ரொம்பக் காலம் ஆச்சு.”

இன்னும் கொஞ்சம் நின்றால் மனசு இளகிவிடும் என்று மருதப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. படபடவென்று ஆரம்பித்தார்.

“பாருங்கம்மா, உங்க பூட்டன் கதவைத் திறந்தான். எங்க ராஜ்யம் போச்சு.”

“ராஜா சண்டையில செத்ததுக்கு அப்புறந்தானே திறந்தாங்க அண்ணே?”

“எப்ப திறந்தாலும் துரோகம் துரோகந்தான்! அதோட விட்டானா? சிப்பாய்களை நேரா அந்தப்புரத்துக்குக் கூட்டிட்டுப் போய், தொட்டிலைக் காட்டி, இதுதான் இளவரசன்னு சொன்னான். அவனுங்களும் தூக்கிட்டுப் போய்க் கொன்னானுங்க.” மருதப்பன் சிரித்தார். “நல்லா ஏமாந்தானுங்க! எங்க ராணி அதுக்குள்ள பிள்ளையைத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியாத் தப்பிச்சாச்சு. அந்தப் பிள்ளையோட வம்சந்தான் நாங்க. தெய்வம் எங்க பக்கம் இருந்துச்சு!”

பூவம்மா இலைக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்த கிலுகிலுப்பையை எடுத்து நேராக வைத்தாள்.

தங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க... ராணி பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னா, தொட்டில்ல கிடந்தது யாரு பிள்ளை?”

மருதப்பன் கிலுகிலுப்பையைத் திரும்பிப் பார்த்தார். குடித்த கஞ்சிக்கெல்லாம் கணக்கில்லை, இந்தக் கேள்வி மட்டும் அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

“துரோகி காட்டினாத்தானே அண்ணி, சிப்பாய் நம்புவான்?” என்றாள் பூவம்மா. “கதவைத் திறந்ததே அதுக்குத்தான். ராணியம்மா அதுக்குள்ள ஊர் எல்லையைத் தாண்டணும்ல.”

“அப்போ அந்தப் பிள்ளை...” மருதப்பன் இலையைக் காட்டினார்.

“வாசல்காரர் பெத்த பிள்ளை அண்ணே. இன்னும் பால்கூட மறக்கலையாம். அதான் வருஷா வருஷம் இந்தப் பால்சோறு.”

“ஐயோ! இதை ஏம்மா யாரும் சொல்லலை? நாங்க வாய்க்கு வந்தபடி திட்டினதெல்லாம்...”

“அன்னைக்கு வாய் திறந்திருந்தா, உங்க பிள்ளையையும் தேடிப் பிடிச்சிருப்பானுங்க. அப்புறம் சொல்லியிருக்கலாந்தான். ஆனா, சொல்லிக்காட்டுறதுக்காண்ணே பெத்த பிள்ளையைக் குடுத்தாங்க?”

எம்ஆர்டியில் உட்காராத மனுஷர், அந்தச் சின்ன இலைக்கு முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்தார். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தங்கம், பையில இருக்கிறதை எடுத்து அவங்க கையில குடு.”

தங்கம் பூவையும் பழத்தையும் எடுத்து நீட்டும்போது, அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொன்னார்.

“சம்பந்தியம்மா, எனக்கும் ஒரு இலை போடுங்க. உப்புப் போட்ட சோறாவே போடுங்க.”