இரண்டு நிமிட ஸ்கேன்

"அவ்வளவுதானா? முடிஞ்சிருச்சா?" ஸ்கேன் மெஷினுக்குள்ளிருந்து வெளியே வந்த அண்ணன் நம்பாமல் கேட்டார்.

தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. "முன்னெல்லாம் அரை மணி நேரம் உள்ளே கிடக்கணும். இப்ப ரெண்டே நிமிஷம். மெஷின் அங்கொண்ணும் இங்கொண்ணுமா கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாப் போதும். மிச்சப் படத்தை நான் எழுதின புரோகிராமே நிரப்பிடும்."

"பார்க்காததை எப்படிடா நிரப்பும்?"

"ஆயிரக்கணக்கான உடம்பைப் பார்த்துக் கத்துக்கிட்டதுண்ணே. எங்கே எது இருக்கணும்னு அதுக்கு அத்துப்படி."

தம்பியின் செல்போன் சிணுங்கியது. வேளை தவறாமல் போடவேண்டிய மாத்திரையை விழுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"காலையிலேருந்து வந்த எல்லாருக்கும் நல்ல ரிசல்ட். சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்க. உனக்கும் ஒண்ணுமில்ல. எழுந்திரு, வெளியே கூட்டம் நிக்குது."

"ஒரு மாசமா இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதேடா. தூக்கமே இல்ல."

"எல்லாம் வேலைக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு. அண்ணி சொன்னது சரிதான்." தம்பி திரையை அவர் பக்கம் திருப்பினான். "நம்பலைன்னா நீயே பாரு. டாக்டரும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டார். ரெண்டு கிட்னியும் எவ்வளவு அழகா இருக்கு!"

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையைத் தூக்கி, விலாவுக்குக் கீழே ஓடிய நீளத் தழும்பைத் தடவினார்.

"ஒண்ணை அறுத்து உனக்குக் கொடுத்தேனே, அது எப்படா எனக்குள்ள திரும்பி வந்துச்சு?"