பால் காய்ச்சிய வாசல்

கலெக்டர் அலுவலக வாசலுக்கு வந்ததும் அம்மா முதலில் சாணம் தெளித்தாள்.

அதற்கென்றே ஊரிலிருந்து சின்ன வாளியில் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். கள்ளக்குறிச்சி வரும்வரை கண்டக்டர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

மணலூர்பேட்டையிலிருந்து எங்கள் தெருவே முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. நானும் அம்மாவும்தான் அடுத்த பஸ்.

எங்கள் குடிசைகள் ஆற்றோரப் புறம்போக்கில் இருக்கின்றன. ஆறு பெருகினால் முதலில் எங்கள் அடுப்புதான் நனையும். தண்ணீர் ஏறாத மேட்டில் ஆளுக்கு இரண்டு சென்ட் மனை, அதற்கொரு பட்டா. கேட்பது அவ்வளவுதான். மனு கொடுத்து அலுத்துப்போய், இன்று குடியேறும் போராட்டம்.

சட்டி பானையோடு வந்து வாசலில் உட்கார வேண்டும், கோஷம் போட வேண்டும், சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும். சங்கத்து இளஞ்செழியன் அண்ணன் அப்படித்தான் விளக்கியிருந்தார்.

எல்லோரும் அதற்குத் தகுந்தபடி வெறும் பானையும் ஓட்டை அண்டாவும்தான் கொண்டுவந்திருந்தார்கள். கந்தசாமி மாமா ஒரு பாயை மட்டும் எடுத்துவந்து, அதை விரித்துப் படுத்தும்விட்டார்.

அம்மாவுக்கு எதையும் ஒப்புக்குச் செய்யத் தெரியாது.

அரிசி, பால், உப்பு, மஞ்சள், சாமி படம், அம்மிக் குழவி எல்லாம் கொண்டுவந்திருந்தாள். சேவலை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வேப்பமரத்தடியைப் பெருக்கி, முகப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோலம் போட்டாள். மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தாள். இது சமையல்கட்டு, இது சாமி மூலை, இது உனக்கு என்று என்னிடம் காட்டினாள். எனக்குக் கிடைத்த அறையில் நல்ல நிழல். காற்றும் வந்தது.

ஆயம்மாள் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாடி ராஜாம்பா, சாயங்காலம் வரைக்கும் தானடி. கக்கூஸு எங்க கட்டப் போற?"

"நீ குந்திக்கினு இருக்கறியே, அங்கதான்" என்றாள் அம்மா, அடுப்பை ஊதியபடி.

நெருப்பு மூட்டக்கூடாது என்று சொல்ல ஒரு போலீஸ்காரர் வந்தார். புகை எந்தப் பக்கம் போகிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று அம்மா அவரைக் கேட்டுக்கொண்டாள். அவர் நிமிர்ந்து பார்த்து, தெற்கே போகிறது என்று சொன்னார். சொல்ல வந்தது அதோடு மறந்துபோயிற்று.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. கந்தசாமி மாமா பாயிலிருந்து எழுந்து கைதட்டினார்.

குடியிருக்க இடம் பிச்சையில்லை, உரிமை என்று இளஞ்செழியன் அண்ணன் குரல் கொடுத்தார். கையில் பால் டம்ளரோடு எல்லோரும் பதில் குரல் கொடுத்தார்கள்.

பிற்பகலில் அதிகாரி அம்மா வெளியே வந்தார்.

வேகமாக வந்தவர் கோலத்தின் முன்னால் நின்றுவிட்டார். அதை மிதிக்காமல் எங்களிடம் வர வழியில்லை. இடமும் வலமும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"உள்ள வரலாமாங்க?"

எங்கள் குடிசைக்குள் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அளக்க வந்தார்கள், கணக்கெடுக்க வந்தார்கள், காலி செய்யச் சொல்லவும் வந்தார்கள். யாரும் இப்படி வெளியே நின்று கேட்டதில்லை.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாங்க என்றாள். கந்தசாமி மாமாவிடமிருந்து பாயைப் பிடுங்கி உதறிப் போட்டாள்.

அதிகாரி அம்மா உட்கார்ந்து பால் குடித்தார். மேலிடத்துக்கு எழுதுகிறேன், மேட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன் என்றார். சொன்ன விதத்தில் நம்பிக்கை வந்தது. மேகம் கறுக்கிறது, நேரத்தோடு வீட்டுக்குப் போய்ச் சேருங்கள் என்று அக்கறையாகவும் சொன்னார்.

எல்லோரும் பானைகளை இடுப்பில் ஏற்றினார்கள்.

அம்மா உலையில் அரிசியைக் களைந்து போட்டாள்.

பஸ் போய்விடும், கிளம்புக்கா என்று இளஞ்செழியன் அண்ணன் அவசரப்படுத்தினார்.

"எங்க தம்பி கெளம்பறது? காலையிலயே வூட்டப் பிரிச்சிட்டுத்தான் வந்தேன்."

அது நிஜம். முதல் பஸ் போனதும் நாங்கள் இருவரும் கூரையில் ஏறிக் கீற்றை அவிழ்த்தோம். கழிகளைப் பிடுங்கிக் கட்டுக் கட்டிக் கரைமேல் சாத்தினோம். இத்தனை சின்ன இடத்திலா இருந்தோம் என்று அம்மாவுக்கே ஆச்சரியம். அங்கே நின்று கொஞ்ச நேரம் சிரித்தாள்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி அம்மா காலி டம்ளரைக் கீழே வைக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயம்மாள் அத்தைதான் முதலில் பானையை இறக்கினாள்.

"ஒலையில இன்னும் ரெண்டு ஆழாக்கு ஜாஸ்தியா போடுடி" என்றாள். "அப்ப எங்க வூடு எந்தப் பக்கம்?"

அம்மா எழுந்து காலடியால் அளந்தாள். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு இழுத்தாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே, ஒரு தெரு போகிற அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.