ஏப்பம்

நெஞ்சை அடைக்கிறது என்றான் பரிதி. முப்பத்தொரு வயதுக்காரனுக்கு வாயுவைத் தவிர வேறென்ன இருந்துவிடப்போகிறது என்று, அன்புச்செல்வி சோடாவைக் கொடுத்து அவன் முதுகைத் தட்டினாள். பெரிதாய் ஓர் ஏப்பம் வந்தது. "போயிடுச்சுடி" என்று சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

அன்று இரவு ஆஸ்பத்திரியில், அவன் இதய ரத்தக் குழாயிலிருந்து உறிஞ்சியெடுத்ததை டாக்டர் வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார். மாதுளை முத்தளவுகூட இல்லை. "குழாய் உள்ளுக்குள்ள புண்ணாகி வீங்கியிருந்துச்சும்மா. அதுமேல ரத்தம் கட்டிருச்சு. எடுத்துட்டோம், ஆனா கொண்டுவந்தது லேட்டு, காப்பாத்த முடியல."

இப்போது பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிறாள். ஏப்பம் விட்டுவிட்டுக் குழந்தை சிரிக்கிறது, அப்பனைப் போலவே.

"அதான் வந்துடுச்சே அண்ணி, தொட்டில்ல போடுங்க" என்கிறாள் நாத்தனார்.

அன்புச்செல்வியின் கை தட்டிக்கொண்டே இருக்கிறது.